ஊருக்கு ஒரு முல்லர்

ஜெர்மனியில் அபார்ட்மென்ட் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான் முகவரி. உள்ளே பத்து வீடு இருந்தாலும் இருபது வீடு இருந்தாலும், யார் எங்கே என்று காட்டுவது வாசலில் இருக்கும் காலிங் பெல் பலகைதான். ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். தபால் பெட்டியிலும் அதே பெயர். பெயர் ஒட்டவில்லை என்றால் வந்த கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும்.

லைப்சிக்கில் முதுகலை படித்தபோது இரண்டு குளிர்காலம் பார்சல் கொடுக்கும் வேலை பார்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, விறைத்த விரலால் பலகையில் மேலிருந்து கீழாகத் தடவித் தடவித்தான் ஜெர்மன் குடும்பப் பெயர்கள் எனக்குப் பழக்கமாயின. ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வெபர். எந்தத் தெருவுக்குப் போனாலும் எங்கேயாவது ஒரு முல்லர் இருப்பார்.

ஒரு டிசம்பர் மாலை. நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது. பழைய கட்டடம் ஒன்றின் பலகையில் மூன்று முல்லர். பார்சலின் மேல் முதல் பெயர் இல்லை, வெறும் முல்லர். கைக்கு எட்டிய பொத்தானை அழுத்தினேன். கீழ்வீட்டு இளைஞர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். மறுநாளே அவர் கிறிஸ்துமஸுக்காக ஊருக்குப் போய்விட்டார். பார்சலோ மூன்றாம் மாடியில் தனியாக வசிக்கும், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு வந்தது. கால் வீக்கத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறை அதில் இருந்தது. பதினோரு நாள் அவர் அது இல்லாமல் இருந்திருக்கிறார்.

பார்சல் கிடைத்ததும் நானே எடுத்துக்கொண்டு மாடியேறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஜெர்மன் வாக்கியத்தைப் படிக்குப் படி மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவர் அதை முடிக்கவே விடவில்லை. "இந்தத் தெருவில் மட்டும் நாங்கள் ஏழு வீடு இருக்கிறோம். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தேநீர் வந்தது. கல்யாணத்துக்கு முன் தனக்கு இருந்த பெயர், அந்த ஊர் டெலிபோன் டைரக்டரியில் தன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத பெயர் என்றார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டுமாம். "முல்லர் ஆன நாளிலிருந்து யாரும் என் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னதே இல்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

எனக்குத் தெரியும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? விசா படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து லைப்சிக்கில் என் காலிங் பெல்லுக்குப் பக்கத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர்தான். வங்கியில், டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், எல்லாரிடமும் அதை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார்: "முல்லர் என்றால் மாவு அரைப்பவர். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேரா மாவு அரைத்தார்கள்?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. அதற்குப் பதில் தேடி நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. ஜெர்மனியில் யாருக்கு என்ன குடும்பப் பெயர் என்று அரசு கணக்கெடுத்து வெளியிடுவதில்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் டெலிபோன் இணைப்புகளை எண்ணினார்கள். மைன்ஸ், ஃபிரைபுர்க் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டின் லேண்ட்லைன் பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பெயர் எந்தப் பகுதியில் அடர்த்தி என்று வரைபடம் வரைபடமாகப் போட்டுத் தடித்தடியான தொகுதிகளை வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டு டெலிபோன் மறையத் தொடங்கும் முன் எடுத்த கணக்கு என்பதால் அதற்குத் தனி மதிப்பு. அந்தக் கணக்கில் முதல் இடம் முல்லருக்குத்தான். நூறு பேரில் கிட்டத்தட்ட ஒருவர். ஏழு லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்வார்கள். லைப்சிக்கின் மொத்த மக்கள்தொகையே 6 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். சுவிட்சர்லாந்திலும் முதல் பெயர் இதுதான். ஆஸ்திரியாவில் மட்டும் க்ரூபர் முந்திக்கொள்கிறது.

முல்லருக்கு அடுத்து ஷ்மிட், கொல்லர். ஷ்னைடர், தையற்காரர். ஃபிஷர், மீன்பிடிப்பவர். வெபர், நெசவாளர். வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். மையர் என்றால் பண்ணையை நிர்வகித்தவர், ஷுல்ட்ஸ் என்றால் ஊர்த்தலைவர். முதல் பத்துப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு பழைய ஊர் எழுந்து நிற்கிறது. ஆனால் அந்த ஊரில் ஒரு ஆளைக் காணவில்லை பாருங்கள். விவசாயி எங்கே? ஊரில் முக்கால்வாசிப் பேர் உழுதவர்கள்தானே? விவசாயி என்று பொருள்படும் பவுவர் என்ற பெயர் இருக்கிறது. அது முதல் பத்தில் இல்லை.

பாட்டியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

குடும்பப் பெயர் எதற்கு வந்தது? ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல. 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் மேற்கு, தெற்கு ஜெர்மன் நகரங்களில் கூட்டம் பெருகியது. ஆனால் மக்கள் வைத்துக்கொண்ட ஞானஸ்நானப் பெயர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. எங்கு பார்த்தாலும் ஹான்ஸ், ஹைன்ரிஷ், கொன்ராட். நிலம் விற்றதையும் வரி கட்டியதையும் எழுதிவைக்கும் எழுத்தர், எந்த ஹான்ஸ் என்று குறிக்க ஒரு அடையாளத்தைச் சேர்த்தார். மில்கார ஹான்ஸ், கொல்லன் ஹான்ஸ், சிவப்புத்தலை ஹான்ஸ். பிறகு அந்த அடையாளம் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கம் மெல்ல வடக்கேயும் கிழக்கேயும் பரவி, 16-ஆம் நூற்றாண்டுக்குள் பெரும்பாலான இடங்களில் நிலைத்துவிட்டது. வடமேற்குக் கடலோரத்திலுள்ள கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் மட்டும் அப்பா பெயரையே பின்னால் போடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. 1811-ல் நெப்போலியன் ஆட்சியின் ஆணை வந்து குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. என் படிவத்தில் நடந்தது அங்கே ஊர் முழுக்க நடந்திருக்கிறது.

சரி, இப்போது ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பம், நாற்பதும் உழவுக் குடும்பம். அங்கே "விவசாயி ஹான்ஸ்" என்று சொன்னால் யாரென்று தெரியும்? ஒன்றும் தெரியாது. "மில்கார ஹான்ஸ்" என்றால் உடனே தெரியும். ஏனென்றால் மில் ஒன்றுதான். ஆக, முல்லர் என்ற பெயர் பெருகியதற்குக் காரணம் மாவு அரைப்பவர்கள் நிறையப் பேர் இருந்தது அல்ல. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தார், ஒரே ஒருவர்தான் இருந்தார். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்கள், ஆயிரக்கணக்கான ஒருவர்கள். ஒருவரோடு ஒருவருக்கு எந்த உறவும் கிடையாது. இன்றைய ஏழு லட்சம் முல்லர்களுக்குப் பொதுவான ஒரு மூதாதையைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

ஊருக்கு ஒரு மில் என்பது தானாக நடந்ததும் அல்ல. ஆற்றைத் தடுத்து, சக்கரம் வைத்து, கல் வாங்கி மில் கட்டுவது பெரும் செலவு. நல்ல அரவைக்கல் ஐஃபெல் மலைப்பகுதியின் எரிமலைப் பாறையிலிருந்து வர வேண்டும். மாயென், நீடர்மென்டிக் ஊர்க் கற்கள் படகேறி வெகுதூரம் போயின. அவ்வளவு செலவு செய்யக்கூடியவர் நிலப்பிரபு அல்லது மடாலயம். போட்ட பணத்தை எடுக்க அவர்கள் செய்த ஏற்பாடுதான் மில் கட்டாயம்: இந்த எல்லைக்குள் இருப்பவர்கள் இந்த மில்லில்தான் அரைக்க வேண்டும், வேறு மில்லுக்குப் போனால் தண்டனை. பிரஷ்யாவில் இந்த முறை 1810-ல்தான் ஒழிந்தது.

அரவைக் கூலி காசாக இல்லை, தானியமாகவே. கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒரு அளவை மில்காரர் எடுத்துக்கொள்வார். அந்த அளவைக்குப் பெயர் மெட்ஸெ. அளப்பது அவர், எடுப்பது அவர், அரைப்பதும் அவர். மாவில் எவ்வளவு குறைந்தது என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்? ஆகவே சந்தேகம். மில் இருந்த இடமும் ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில், தனியாக. மில்காரர் திருடர் என்ற பேச்சு ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகள் எங்கும் உண்டு. பல இடங்களில் மில்காரர் மகனைக் கைவினைஞர் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவே மறுத்தன. 1548-ல் பேரரசின் பொது ஒழுங்குச் சட்டம், நெசவாளர், நாவிதர், ஆட்டிடையர், மில்காரர் பிள்ளைகளை அப்படி ஒதுக்கக் கூடாது என்று எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்று நாட்டிலேயே சாதாரணமான பெயர், "லீஸ்ஷென் முல்லர்" என்றால் சராசரிப் பெண் என்று பொருள். ஒருகாலத்தில் அந்தச் சொல் ஊர் ஓரத்தில் நின்றது.

மில் வாசலில் வரிசை நின்றது சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐகெ ஃபொன் ரெப்கோ என்பவர் தொகுத்த சாக்சன் சட்ட நூலில், மில்லுக்கு முதலில் வருபவரே முதலில் அரைக்க வேண்டும் என்று ஒரு விதி. ஏழையானாலும் பணக்காரரானாலும் வரிசைதான். இன்றும் ஜெர்மானியர் டிக்கெட் வரிசையில் நின்றுகொண்டு அதே சொற்றொடரைச் சொல்கிறார்கள்: முதலில் வந்தவர் முதலில் அரைப்பார். அரைக்க எதுவும் இல்லாதபோதும்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதும் சுவையானது. கையால் சுற்றும் திருகைக்குப் பழைய ஜெர்மானிய மொழியில் குவிர்ன் என்று தனிச்சொல் இருந்தது. லைப்சிக்குக்கு மேற்கே உள்ள குவெர்ஃபுர்ட் என்ற ஊர்ப் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோமானியர்கள் தண்ணீரில் ஓடும் மில்லைக் கொண்டுவந்தார்கள், அதோடு மொலினா என்ற லத்தீன் சொல்லும் வந்தது. மில்காரருக்கு லத்தீனில் மொலினாரியுஸ். அது தேய்ந்து தேய்ந்து முல்னெர், முல்லெர் என்று ஆனது. புதுப் பொருள் வந்தால் அதன் பெயரும் கூடவே வருவது எல்லா மொழிக்கும் பொதுதானே.

இதுவரை முல்லர் என்றே எழுதிவிட்டேன். தமிழில் அப்படித்தான் எழுத முடியும். உண்மையான உச்சரிப்பில் "மு"வும் இல்லை, "மி"யும் இல்லை. சென்னையில் ஜெர்மன் படித்தபோது ஆசிரியை சொல்லிக்கொடுத்த வழி இது: வாயை "இ" என்று சொல்ல வைத்துக்கொள்ளுங்கள், நாக்கை அசைக்காதீர்கள், இப்போது உதட்டை மட்டும் "உ"வுக்குக் குவியுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினேன். கடைசி "ர்" காற்றோடு போய்விடும், "அ" மாதிரிதான் கேட்கும்.

பார்சல் வேலையின் முதல் மாதங்களில் அவசரத்தில் உதடு குவியாமல் "மில்லர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட வேலை பார்த்த, பவேரியாவிலிருந்து வந்த நண்பர் சிரித்தபடி, "எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்" என்றார். நிஜம்தான். பவேரியாவிலும் ஸ்வேபியாவிலும் பேச்சு வழக்கில் உதடு குவியாது, "இ" அப்படியே நிற்கும். அதனால் தெற்கே மில்லர் என்றே எழுதும் குடும்பங்கள் உண்டு. வடக்கே போனால் மொல்லர், டென்மார்க்கிலும் அப்படியே. நெதர்லாந்தில் முல்டர், மொலெனார். ஹங்கேரியில் மொல்நார். லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள் தங்களை மொலிட்டோர் என்று எழுதிக்கொண்டார்கள், அதுவும் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய முல்லர்களில் பலர் அங்கே மில்லர் ஆனார்கள். 2010 கணக்கெடுப்பில் அந்நாட்டின் ஏழாவது பெரிய குடும்பப் பெயர் மில்லர். அதில் ஆங்கில மில்காரரும் இருக்கிறார், ஜெர்மன் மில்காரரும் இருக்கிறார், பிரித்தெடுப்பது கஷ்டம்.

பெயர் இவ்வளவு பொதுவாகிவிட்டால் அதை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பலவிதமாகச் சமாளித்திருக்கிறார்கள். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியான வைமர் குடியரசின் பிரதமராக இருமுறை இருந்த ஹெர்மான் முல்லர், மற்ற முல்லர்களிடமிருந்து பிரித்தறிய, தொகுதியின் பெயரைச் சேர்த்து முல்லர்-ஃபிராங்கென் எனப்பட்டார். திராட்சை ஆராய்ச்சி செய்த இன்னொரு ஹெர்மான் முல்லர், தன் சொந்த மாநிலமான சுவிட்சர்லாந்தின் துர்காவைச் சேர்த்துக்கொண்டார். 1882-ல் அவர் உருவாக்கிய திராட்சை ரகம் முல்லர்-துர்காவ் என்றே உலகெங்கும் பயிராகிறது. வானியலாளர் ஒருவர் 1436-ல் ஃபிராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் யோஹான்னெஸ் முல்லராகப் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 11. அந்த ஊர்ப் பெயரின் லத்தீன் வடிவமான ரெஜியோமொன்டானுஸ் என்ற பெயரில்தான் இன்று உலகுக்கு அவரைத் தெரியும். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஜெர்மனியில் காரணம் இல்லாமல் குடும்பப் பெயரை மாற்ற முடியாது. ஆனால் முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்களைத் "திரள் பெயர்" என்று வகைப்படுத்தி, ஆள்மாறாட்டக் குழப்பம் வரும் என்பதையே மாற்றுவதற்குரிய காரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முல்லரும் இதே வழியைத்தான் எடுத்தார். ரிக் வேதத்தை ஆறு தொகுதிகளாக 1849 முதல் 1874 வரை பதிப்பித்த மாக்ஸ் முல்லர். இந்தியாவில் கோத்தே இன்ஸ்டிடியூட்டுக்கே அவர் பெயர்தான். நான் முதல் ஜெர்மன் வாக்கியத்தைப் படித்தது சென்னை மாக்ஸ் முல்லர் பவனில். அப்போதெல்லாம் மாக்ஸ் என்பது அவருடைய முதல் பெயர், முல்லர் என்பது குடும்பப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முதல் பெயர் ஃப்ரீட்ரிஷ். முல்லர் என்ற பெயர் மிகவும் பொதுவாக இருக்கிறதே என்று, தன் இன்னொரு பெயரான மாக்ஸையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். "மாக்ஸ் முல்லர்" முழுவதும் குடும்பப் பெயர். இது தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு கொஞ்சமல்ல. பவனின் வாசலில் ஆறு மாதம் அந்தப் பெயரைக் கடந்து போயிருக்கிறேன்.

அவர் 1823-ல் லைப்சிக்குக்கு வடக்கே தெசாவில் பிறந்து, பள்ளிப்படிப்பில் சில வருடமும் பல்கலைக்கழகப் படிப்பும் லைப்சிக்கில் முடித்தவர். நாலு வயது நிறையும் முன்பே அப்பாவை இழந்தார். அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். மில் வேலைக்குப் போகும் ஒரு இளைஞனின் காதலைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு ஷூபெர்ட் இசையமைத்தது, மகன் பிறந்த அதே ஆண்டில். முல்லர் என்பவர் முல்லரைப் பற்றிப் பாடினார், பொருத்தம்தானே என்று நினைப்போம். ஆனால் அந்தக் கவிஞரின் அப்பா தெசாவில் தையற்காரர். பெயரில் மாவு, கையில் ஊசி. பல தலைமுறைக்கு முன்பே அந்தக் குடும்பம் மில்லைவிட்டு வந்திருக்க வேண்டும். பெயர் மட்டும் கூடவே வந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் மிகப் புகழ்பெற்ற மில்காரர் கதை பொட்ஸ்டாமில் நடக்கிறது. சான்சூசி அரண்மனைக்குப் பக்கத்தில் ஓடும் காற்று மில்லின் சத்தம் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னரைத் தொந்தரவு செய்தது, மில்லை விற்றுவிடு என்று மிரட்டினார், "பெர்லினில் நீதிமன்றம் இருக்கிறது மன்னா" என்று மில்காரர் எதிர்த்து நின்றார் என்பது கதை. கதை பிறகு கட்டப்பட்டது. மில் உண்மை. அரண்மனை வருவதற்கு முன்பே, 1730-களின் கடைசியில் கட்டியது. அந்த மில்காரரின் பெயர் முல்லர் இல்லை, க்ரேவெனிட்ஸ். இன்னொரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. மேலே குளம் வெட்டியதால் தன் மில்லுக்குத் தண்ணீர் வரவில்லை, குத்தகை கட்ட முடியாது என்ற மில்காரருக்காக அதே மன்னர் 1779-ல் நீதிபதிகளையே சிறைக்கு அனுப்பினார். சரித்திரத்தில் அது "முல்லர் ஆர்னோல்ட் வழக்கு". அங்கே முல்லர் என்பது தொழில், ஆர்னோல்ட்தான் குடும்பப் பெயர். 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெயரும் தொழிலும் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்பதற்கு இந்த இருவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பொட்ஸ்டாமில் இப்போது நிற்பது அந்தப் பழைய மில் அல்ல. பின்னால் அதே இடத்தில் பெரிதாகக் கட்டியதும் 1945-ல் எரிந்துபோய், 1990-களில் மறுபடி எழுப்பியது. போய்ப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு மில்.

1994-லிருந்து ஒவ்வொரு வருடமும் பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை ஜெர்மனி முழுக்க மில் நாள். வழக்கமாகப் பூட்டிக்கிடக்கும் பழைய மில்களை அன்று திறந்துவைப்பார்கள். போன வருடம் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு, லைப்சிக்குக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போனேன். வயல் நடுவே ஒற்றை மரத்தூணின் மேல் நிற்கும் மர வீடு, முன்னால் நான்கு இறக்கை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மொத்த வீட்டையும் திருப்ப வேண்டும். பின்பக்கம் நீண்டிருக்கும் வாலைப் போன்ற கட்டையை நாலு பேர் தோள்கொடுத்துத் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். முனகிக்கொண்டே அது திரும்பியது.

உள்ளே ஏணி மாதிரி செங்குத்தான படி. இறக்கை சுற்றத் தொடங்கியதும் தரை, சுவர், ஏணி எல்லாம் மெல்ல ஆடின. படகில் நிற்பது போல இருந்தது. ரை என்ற தானியம் கொட்டும் மரத் தொட்டியின் அடியில் ஒரு சிறு தட்டு. கல் சுற்றச் சுற்ற அதை ஒரு கட்டை தட்டிக்கொண்டே இருக்கிறது, தட்டத் தட்ட தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் கண்ணுக்குள் விழுகிறது. டக்டக், டக்டக் என்ற அந்தச் சத்தம்தான் மில்லின் சத்தம். தொட்டியில் தானியம் தீரப் போகும்போது ஒரு மணி தானாக அடித்தது. தானியமில்லாமல் கல்லோடு கல் உரசினால் தீப்பொறி பறக்கும், மாவுத் தூசியில் பொறி பட்டால் மொத்தமும் போய்விடும், அதற்குத்தான் மணி என்றார் அரைத்தவர். மாவு வந்து விழும் வாயில் கையை நீட்டச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கல்லை ஒரு இழை நெருக்கினார். மறுபடி தேய்த்துப் பார்த்தார். தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை. சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைத் துடைத்துப் பார்த்தேன்: ஷ்னைடர்.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் ஒரு சட்டம் போட்டு, சிறிய மில்களுக்குப் பணம் கொடுத்து மூட வைத்தார்கள். கிழக்கேயும் அவை நிலைக்கவில்லை. ஊருக்கு ஒன்று என்று இருந்ததில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். லைப்சிக் நகரத்துக்குள்ளேயே என் வீட்டுப் பக்கம் ஓடும் கால்வாயின் பெயர் எல்ஸ்டர் மில் வாய்க்கால். அதில் மில் இல்லை. ரொம்ப காலம் வாய்க்காலே மண்ணுக்கடியில் மூடிக்கிடந்து, இப்போதுதான் பகுதி பகுதியாகத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது, வாத்துகள் வந்திருக்கின்றன.

அன்று ஒரு கிலோ ரை மாவு வாங்கினேன். பழுப்புக் காகிதப் பை, மேலே நூல் கட்டு. திரும்பும்போது நேராக வீட்டுக்குப் போகாமல் அந்தப் பழைய தெருவுக்குத் திருப்பினேன். பலகையில் இப்போது இரண்டு முல்லர். கீழ்வீட்டு இளைஞர் வேறு ஊருக்குப் போய்விட்டார் போல. மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினேன். இங்கே போனை எடுத்தாலும் ஸ்பீக்கரை எடுத்தாலும் ஹலோ சொல்வதற்குப் பதில் தங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். கரகரத்த சத்தத்தில் "முல்ல?" என்றார் பாட்டி.

நான் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கதவு திறந்தது.

மேசையில் பையை வைத்து நூலை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். நான் ஏழு லட்சம் பேர் கதையையும் ஊருக்கு ஒருவர் கதையையும் சொல்லத் தொடங்கினேன். "முதலில் உட்காருங்கள், தேநீர் போடுகிறேன்" என்றார்.